சண்டைக்குப் போட்ட கணக்கு

8÷2(2+2) = ?

2019 ஜூலை மாதக் கடைசியில் ட்விட்டரில் வந்த இந்த ஒற்றை வரி, சில நாட்களில் கண்டம் விட்டுக் கண்டம் தாவியது. ஒரு தரப்பு 16 என்றது. இன்னொரு தரப்பு 1 என்றது. இரண்டு பக்கமும் படித்தவர்கள், இரண்டு பக்கமும் சத்தியம் செய்யாத குறை. கார்னெல் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்ட்ரோகட்ஸ், நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் இதற்கென்றே ஒரு கட்டுரை எழுத வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. இதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2011-ல், 48÷2(9+3) என்ற இதன் அண்ணன் வந்து ‘288-ஆ, 2-ஆ’ என்று இணையத்தை இரண்டாக்கிவிட்டுப் போயிருந்தான். 6÷2(1+2) என்ற தம்பி இன்றும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறான். குழுவில் யாருக்கும் பொழுது போகாத ஞாயிற்றுக்கிழமையில் அவனை அவிழ்த்துவிட்டால் போதும். மாலைக்குள் இருவர் குழுவைவிட்டு வெளியேறியிருப்பார்கள்.

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாத ஒரு கணக்கு எப்படி இத்தனை பேரைச் சண்டைக்கு இழுக்கிறது? ‘மக்களுக்குக் கணக்கு மறந்துவிட்டது’ என்பது சுலபமான பதில். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மறந்தவர்கள் சண்டை போட மாட்டார்கள். நன்றாக நினைவிருப்பவர்கள்தான் போடுகிறார்கள்.

கணக்கையே கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அடைப்புக்குறிக்குள் இருப்பது 4. அதில் தகராறு இல்லை. மிச்சமிருப்பது எட்டு, வகுத்தல் குறி, இரண்டு, அதை ஒட்டி நிற்கும் நான்கு. வகுத்தலும் பெருக்கலும் சம அந்தஸ்து உள்ளவை, இடமிருந்து வலமாகப் போக வேண்டும் என்று படித்தவர், எட்டை இரண்டால் வகுத்து 4 ஆக்கி, அதை நான்கால் பெருக்கி 16 என்கிறார். இன்னொருவர், 2-க்கும் அடைப்புக்குறிக்கும் நடுவே பெருக்கல் குறி இல்லாததைக் கவனிக்கிறார். ஒட்டி நிற்பதால் 2(4) என்பதை ஒரே உருப்படியாக எடுத்து 8 ஆக்கி, எட்டை எட்டால் வகுத்து 1 என்கிறார்.

இந்த இரண்டாமவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்குவது நியாயமல்ல. 8÷2அ என்று இயற்கணிதத்தில் எழுதியிருந்தால், அந்த 2அ-வை இரண்டாக உடைத்து, எட்டை இரண்டால் வகுத்துவிட்டு, பிறகு அ-வால் பெருக்குகிறவர் எத்தனை பேர்? உயர்நிலைப் பள்ளி தாண்டிய கை தானாகவே 2அ-வை வகுத்தல் கோட்டுக்குக் கீழே இறக்கிவிடும். அமெரிக்க இயற்பியல் சங்கத்தின் ‘ஃபிசிக்கல் ரிவ்யூ’ ஆய்விதழ்களின் எழுத்து விதிகளே, சாய்கோட்டால் வகுக்கும்போது பெருக்கலுக்குத்தான் முன்னுரிமை என்கின்றன. ஆக, ‘1’ கட்சிக்காரர் இயற்பியலாளர்களோடு உட்கார்ந்திருக்கிறார்; ‘16’ கட்சிக்காரர் பள்ளிப் பாடநூலோடு உட்கார்ந்திருக்கிறார்.

கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கும் நிம்மதி இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-82 கால்குலேட்டர், குறி இல்லாமல் ஒட்டி நிற்கும் பெருக்கலுக்கு முன்னுரிமை கொடுத்தது. அதே நிறுவனம் பின்னர் வெளியிட்ட டிஐ-83 அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. கேசியோவின் சில மாடல்களில் இப்படிப்பட்ட கணக்கைத் தட்டினால், நாம் கேட்காமலேயே ஓர் அடைப்புக்குறியைச் சேர்த்துக் காட்டிவிட்டு 1 என்கிறது. பக்கத்தில் இருக்கும் கைபேசியின் கால்குலேட்டர் 16 என்கிறது. இரண்டையும் அருகருகே வைத்து எடுத்த படங்கள், மூலக்கணக்குக்குச் சமமாக உலகத்தைச் சுற்றியிருக்கின்றன.

அப்படியானால் விதி என்ன ஆயிற்று என்று கேட்கலாம். நாம் நினைப்பதுபோல அது ஆதியிலிருந்து கல்வெட்டில் இருப்பது அல்ல. கணிதக் குறியீடுகளின் வரலாற்றை விரிவாக எழுதிய ஃபுளோரியன் கஜோரி, ÷ குறியும் × குறியும் ஒரே வரியில் வந்தால் எதை முதலில் செய்வது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை என்று 1928-லேயே பதிவு செய்திருக்கிறார். அந்த ÷ குறியை வகுத்தலுக்கு அச்சில் கொண்டுவந்தவர் யோஹான் ரான் என்ற சுவிஸ் கணிதவியலாளர், ஆண்டு 1659. ஸ்காண்டிநேவிய நாடுகள் சிலவற்றில் வெகு காலம் இதே குறி கழித்தலுக்குப் பயன்பட்டிருக்கிறது! குறியீடுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 80000-2, வகுத்தலுக்கு ÷ குறியைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கிறது. தொழில்முறைக் கணிதவியலாளர் யாரும் அதைத் தொடுவதில்லை. கோடு போட்டு மேலும் கீழும் எழுதுவார்கள், அல்லது அடைப்புக்குறி போடுவார்கள்.

கவனித்துப் பார்த்தால் இந்தப் புதிரின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ÷ என்பது தொடக்கப் பள்ளியின் குறி. பெருக்கல் குறியை விழுங்கிவிட்டு எண்ணையும் அடைப்புக்குறியையும் ஒட்டி எழுதுவது உயர்நிலைப் பள்ளியின் பழக்கம். பாடநூலில் இரண்டும் ஒரே வரியில் சந்தித்துக்கொள்வது அபூர்வம். புதிர் எழுதியவர் அவற்றை வேண்டுமென்றே ஒரு வரியில் உட்கார வைத்திருக்கிறார். ஓர் அடைப்புக்குறி போட்டிருந்தால் கணக்கு செத்துப்போயிருக்கும். போடாததுதான் அதன் உயிர்.

இதில் ‘போட்மாஸ்’ வேறு சேர்ந்துகொள்கிறது. இந்தியாவில் பள்ளிக்குப் போன எவருக்கும் அந்தப் பெயர் தெரியும்: அடைப்புக்குறி, அடுக்கு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல். அமெரிக்கப் பிள்ளைகள் ‘பெம்டாஸ்’ என்று படிக்கிறார்கள். அதில் பெருக்கல் முன்னே, வகுத்தல் பின்னே. இரண்டு ஊர் ஆசிரியர்களும் சொல்ல வந்தது, ‘இரண்டும் சமம், இடமிருந்து வலம்’ என்பதைத்தான். ஆனால் பிள்ளைகளின் மண்டையில் தங்கியது எழுத்து வரிசை. 10−4+3 எவ்வளவு என்று ஒரு கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். ‘போட்மாஸில் கூட்டல்தானே முதலில்’ என்று 4-ஐயும் 3-ஐயும் கூட்டி, பத்திலிருந்து கழித்து 3 என்று அடித்துச் சொல்பவர் ஒருவராவது இருப்பார். விடை 9. நினைவில் வைத்துக்கொள்ளக் கொடுத்த சூத்திரம், புரிந்துகொள்ள வேண்டியதை விழுங்கிவிட்டதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

சமூக ஊடகத்தில் ஒரு பதிவு பரவ, பார்த்தவர் நிற்க வேண்டும். நின்றவர் ஏதாவது எழுத வேண்டும். எழுதியதை இன்னொருவர் மறுக்க வேண்டும். அரசியல் பதிவுக்கு வாய் திறக்கப் பலர் யோசிப்பார்கள். உறவுக்காரர்கள் பார்ப்பார்கள், அலுவலகத்தில் தெரிந்துவிடும். அறிவியல் பதிவுக்கு ‘நமக்கு எதற்கு’ என்று விலகுவார்கள். கணக்குக்கு அந்தத் தயக்கம் எதுவும் இல்லை. எல்லோரும் படித்தது, எல்லோரும் பரீட்சை எழுதியது, யாருடைய சாதியையும் கட்சியையும் தொடாதது. அதோடு, கணக்கில் ஒரு விடைதான் சரி என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. என் விடை சரியென்றால் உன் விடை தவறாகத்தான் இருக்க வேண்டும். நடுவர் வராத பட்டிமன்றம் இது. இரண்டு அணிகளும் மேடையேறிவிடும். யாரும் இறங்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்னொரு காரணம், விடை நம் வாயில் வந்து விழும் வேகம். அமெரிக்க ஆய்வாளர் ஷேன் ஃபிரெடரிக் 2005-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றின் மூலம் புகழ்பெற்ற கேள்வியை நம் நாணயத்துக்கு மாற்றிச் சொல்கிறேன். ஒரு பேட்டும் பந்தும் சேர்ந்து 110 ரூபாய். பேட்டின் விலை பந்தைவிட 100 ரூபாய் அதிகம். பந்து என்ன விலை? ‘10 ரூபாய்’ என்று மனம் உடனே சொல்லிவிடுகிறது. பந்து 10 என்றால் பேட் 110, இரண்டும் சேர்ந்தால் 120 ஆகிவிடுமே என்று சரிபார்க்க வேண்டும் என்றே பலருக்குத் தோன்றாது. சரியான விடை 5. இதுபோன்ற மூன்று கேள்விகளை 3,400-க்கும் மேற்பட்டவர்களிடம் கொடுத்ததில், மூன்றையும் சரியாகச் சொன்னவர்கள் 17 சதவீதம். ஒன்றுகூடச் சொல்லாதவர்கள் 33 சதவீதம். பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவின் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களின் மாணவர்கள். சில விநாடியில் விடை கிடைத்துவிட்டது என்ற திருப்தி, அந்த விடை தவறு என்று எவரோ சொல்லும்போது வரும் ரோஷம் - ஒரு பதிவு பிழைத்துக்கொள்ள இந்த இரண்டும் போதும்.

நிறுவனங்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் தன் செய்தியோடையின் கணக்கை மாற்றியது. ‘அர்த்தமுள்ள சமூக உரையாடல்’ என்பது அதற்குச் சொன்ன பெயர். 2021-ல் அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் கசிந்தபோதுதான் மதிப்பெண் பட்டியல் வெளியே தெரிந்தது: ஒரு லைக்குக்கு 1 புள்ளி, குறிப்பிடத்தக்க ஒரு கமென்ட்டுக்கு 30 புள்ளிகள். லைக் போட்டுவிட்டுப் போகிறவரைவிட, ‘உங்களுக்கு யார் சார் கணக்குச் சொல்லிக் கொடுத்தது?’ என்று நான்கு வரி எழுதுகிறவர் முப்பது மடங்கு மதிப்புள்ளவர்! தெளிவான கணக்குக்கு ‘சரி’ என்ற ஒரு பதில்தான் கிடைக்கும். தெளிவில்லாத கணக்குக்கு நாள் முழுக்கப் பதில்கள் கிடைக்கும். பக்கத்துக்குப் பின்தொடர்வோரைச் சேர்த்து விற்பவர்களும், விளம்பரக் காசு பார்ப்பவர்களும் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

தூண்டிலில் கோக்கும் புழு இரண்டு வகை. ஒன்று, ‘99 சதவீதம் பேரால் முடியாது’. இன்னொன்று, ‘இது முதல் வகுப்புக் குழந்தையின் கணக்கு’. முதலாவது நம் பெருமையைத் தொடுகிறது. இரண்டாவது நம் வெட்கத்தை. ஹாங்காங் பள்ளிச் சேர்க்கைத் தேர்வில் வந்ததாக 2014-ல் பரவிய கார் நிறுத்தப் புதிர் இரண்டாவது வகை. 16, 06, 68, 88 என்று எண்ணிட்ட கட்டங்கள், அடுத்த கட்டத்தில் கார் நிற்கிறது, அதற்கடுத்து 98. கார் நிற்கும் கட்டத்தின் எண் என்ன? ஆறு வயதுப் பிள்ளை 20 விநாடியில் சொல்ல வேண்டுமாம். பெரியவர்கள் கூட்டியும் கழித்தும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் 86, கார், 88, 89, 90, 91. விடை 87. அழகான புதிர்தான். ஆனால் ‘ஆறு வயதுப் பிள்ளை’ என்ற வார்த்தை இல்லாமல் அது அவ்வளவு தூரம் போயிருக்காது.

முதல் வகையை ஒருவர் செமத்தியாகக் கிண்டல் செய்திருக்கிறார். ஆப்பிள், வாழைப்பழம், அன்னாசி படம் போட்ட கணக்குகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே பாணியில் ஒரு படம் வந்தது. ஆப்பிளை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையால் வகு; வாழைப்பழத்தை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையால் வகு; அன்னாசியையும் அப்படியே. மூன்றையும் கூட்டினால் 4 வர வேண்டும். மூன்றும் மிகை முழு எண்கள். ‘95 சதவீதம் பேரால் இதைத் தீர்க்க முடியாது’ என்று மேலே கொட்டை எழுத்து. வழக்கம்போல ‘அடடா, இது என்ன பெரிய விஷயம்’ என்று பேனா எடுத்தவர்கள் கதி அதோகதி. இந்தச் சமன்பாட்டின் மிகச் சிறிய விடையில் ஒவ்வொரு பழத்துக்கும் ஏறத்தாழ 80 இலக்கங்கள்! ஆண்ட்ரூ பிரெம்னர், ஆலன் மெக்லியோட் என்ற இரு கணிதவியலாளர்கள் 2014-ல் இதை ஆராய்ந்து கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். இன்றைய மறைகுறியாக்கத் தொழில்நுட்பத்துக்கு அடிப்படையான நீள்வட்ட வளைவரைகள் என்ற கணிதப் பிரிவு தெரியாமல் அதை நெருங்க முடியாது. ‘95 சதவீதம்’ என்பதை முதல்முறையாக ஒரு புதிர் குறைத்துச் சொல்லியிருந்தது.

வாட்ஸ்அப்பில் வருவது இன்னொரு ரகம். அங்கே சண்டையைவிட வியப்புக்குத்தான் மவுசு. ‘உங்கள் செல்போன் எண்ணின் கடைசி இலக்கத்தை எடுங்கள். 2-ஆல் பெருக்குங்கள். 5 கூட்டுங்கள். 50-ஆல் பெருக்குங்கள். 1775-ஐக் கூட்டுங்கள். பிறந்த ஆண்டைக் கழியுங்கள். வந்த எண்ணில் முதல் இலக்கம் உங்கள் போன் இலக்கம், மிச்சம் உங்கள் வயது!’ கடைசி இலக்கம் 7, பிறந்த ஆண்டு 1980 என்று வைத்துக்கொள்வோம். 14, 19, 950, 2725, 745. ஏழு, நாற்பத்தைந்து. 2025-ல் அவருக்கு 45 வயதுதான். ‘இந்த ஆண்டு மட்டும்தான் பலிக்கும், உடனே பகிருங்கள்’ என்ற வாலும் சில நேரம் இருக்கும்.

பிரித்துப் பார்த்தால் மந்திரம் ஒன்றுமில்லை. இலக்கத்தை 2-ஆலும் 50-ஆலும் பெருக்கினால் அதன் நூறு மடங்கு. நடுவில் கூட்டிய 5, 250 ஆகிவிடுகிறது. 250-ஓடு 1775 சேர்ந்தால் 2025. அதிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது வராமல் வேறென்ன வரும்? 2015-ல் இதே செய்தி 1765 என்ற எண்ணோடு வந்தது. எண்ணை ஆண்டுக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போனால் நூற்றாண்டுக்கும் ஓடும். நூறு வயது தாண்டிய பாட்டியிடம் மட்டும் செய்து காட்ட வேண்டாம். 7-ஓடு 103 சேர்ந்து 803 என்று வந்து, போன் நம்பரே மாறிவிடும். எட்டாம் வகுப்பு மாணவனிடம் இதைக் கொடுத்து ‘ஏன் பலிக்கிறது?’ என்று கேட்டால், இயற்கணிதம் எதற்கு என்று அவன் அதற்குப் பிறகு கேட்க மாட்டான்.

ஆனால் ‘ஏன்’ என்று கேட்காத இடத்தில் இதே வியப்பு பொய்யையும் சுமக்கிறது. ‘இந்த மாதம் ஐந்து வெள்ளி, ஐந்து சனி, ஐந்து ஞாயிறு. 823 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும். பகிர்ந்தால் பணம் கொட்டும்’ என்ற செய்தி பல ஆண்டுகளாகச் சாகாமல் இருக்கிறது. முப்பத்தோரு நாள் கொண்ட எந்த மாதமும் வெள்ளிக்கிழமையில் பிறந்தால் இப்படித்தான் அமையும். 2010-ல் ஜனவரியிலும் வந்தது, அக்டோபரிலும் வந்தது. 2011 ஜூலை, 2014 ஆகஸ்ட், 2025 ஆகஸ்ட் என்று பிறகும் வந்தது. நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டி 400 ஆண்டுகளில் அச்சுப்பிசகாமல் திரும்பிவிடும் என்பதால், 823 என்ற எண்ணுக்கு அதில் இடமே இல்லை. காலண்டர் சுவரில் தொங்குகிறது. எழுந்து போய்ப் பார்ப்பதைவிடப் பகிர்வது சுலபமாக இருக்கிறது.

பரவுவதெல்லாம் பதர் என்று இதை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. 2015 ஏப்ரலில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பிய ‘ஷெரிலின் பிறந்தநாள்’ என் மதிப்பில் சமூக ஊடகம் தந்த மிகச் சிறந்த புதிர். உள்ளூர்த் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் அதை ஃபேஸ்புக்கில் போட்டார். பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகளுக்கான கேள்வி என்ற பேச்சு கூடவே கிளம்பியதால் பெற்றோர்கள் பதறினார்கள். உண்மையில் அது 14, 15 வயது மாணவர்களுக்கான ஒலிம்பியாட் போட்டியில், மேல்வரிசை மாணவர்களை இனங்காண வைத்த கேள்வி என்று போட்டி அமைப்பாளர்கள் பிறகு விளக்கினார்கள். அதற்குள் லண்டன் வரை போய்விட்டது.

ஷெரில் பத்துத் தேதிகளைச் சொல்கிறாள்: மே 15, 16, 19, ஜூன் 17, 18, ஜூலை 14, 16, ஆகஸ்ட் 14, 15, 17. அவற்றில் ஒன்று அவள் பிறந்தநாள். ஆல்பர்ட்டிடம் மாதத்தை மட்டும், பெர்னார்டிடம் தேதியை மட்டும் தனித்தனியே காதில் சொல்கிறாள். ஆல்பர்ட் சொல்கிறான்: ‘எனக்குத் தெரியாது, பெர்னார்டுக்கும் தெரியாது என்பது எனக்குத் தெரியும்.’ பெர்னார்ட்: ‘முதலில் எனக்குத் தெரியவில்லை, இப்போது தெரிந்துவிட்டது.’ ஆல்பர்ட்: ‘அப்படியென்றால் எனக்கும் தெரிந்துவிட்டது.’

மூன்று வாக்கியம். ஓர் எண்ணைக்கூடக் கூட்டவோ கழிக்கவோ வேண்டாம். 18, 19 ஆகிய தேதிகள் ஒரே ஒருமுறைதான் வருகின்றன. பெர்னார்டின் காதில் அவற்றில் ஒன்று விழுந்திருந்தால் அவனுக்கு அப்போதே தெரிந்திருக்கும். அப்படி நடக்க வாய்ப்பே இல்லை என்று ஆல்பர்ட் உறுதியாகச் சொல்வதானால், அவன் கேட்ட மாதம் மேயாகவோ ஜூனாகவோ இருக்க முடியாது. மிச்சம் ஜூலையும் ஆகஸ்டும். இதைக் கேட்டதும் பெர்னார்டுக்குத் தெரிந்துவிட்டது என்றால், இரண்டு மாதத்திலும் வரும் 14 அவனிடம் இல்லை. எஞ்சியவை ஜூலை 16, ஆகஸ்ட் 15, ஆகஸ்ட் 17. கடைசியாக ஆல்பர்ட்டுக்கும் தெரிகிறது. ஆகஸ்டாக இருந்தால் இரண்டில் எது என்று தெரிந்திருக்காது. ஆகவே ஜூலை 16.

இங்கேயும் சண்டை வந்தது. ஆகஸ்ட் 17 என்று ஒரு கூட்டம் வாதிட்டது. பெர்னார்டுக்குத் தெரியாது என்பதை ஆல்பர்ட் தானாக ஊகிக்கவில்லை, யாரோ அவனுக்குச் சொல்லித் தெரிந்துகொண்டான் என்று வைத்துக்கொண்டால் அந்த விடை வரும். போட்டி அமைப்பாளர்கள் அது ஏன் பொருந்தாது என்று விளக்கம் கொடுத்தார்கள். ஆனால் இந்தச் சண்டைக்கும் 8÷2(2+2) சண்டைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இங்கே ஒருவர் தன் வழியை முழுதாக எழுதிக் காட்டினால், எந்தப் படியில் பிரிந்தோம் என்று மற்றவருக்குத் தெரிகிறது. பிறருக்கு என்ன தெரியும் என்பதைப் பற்றி நமக்கு என்ன தெரியும் என்று யோசிக்கப் பழகுகிறோம். சண்டை முடிந்ததும் கையில் ஏதோ மிஞ்சுகிறது. அங்கேயோ, அடைப்புக்குறியைத் தவிர மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

ஆளையாள் கடித்துக்கொள்ளும் பழக்கத்தை இணையத்தின் தலையில் மட்டும் கட்டுவதும் சரியல்ல. 1990 செப்டம்பரில் அமெரிக்காவின் பரேட் வார இதழில் மேரிலின் வோஸ் சவான்ட் தன் பத்தியில் ஒரு வாசகர் கேள்விக்குப் பதில் எழுதினார். மூன்று கதவு; ஒன்றின் பின்னால் கார், மற்ற இரண்டின் பின்னால் ஆடுகள். நீங்கள் ஒரு கதவைத் தேர்ந்தெடுத்த பிறகு, எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்த நடத்துநர், வேறொரு கதவைத் திறந்து ஆட்டைக் காட்டுகிறார். உங்கள் தேர்வை மாற்றிக்கொள்ளலாமா? மாற்றுங்கள், வெல்லும் வாய்ப்பு இரட்டிப்பாகும் என்றார் அவர். சுமார் 10,000 கடிதங்கள் வந்தன. அவற்றில் ஏறக்குறைய ஆயிரம், முனைவர் பட்டம் பெற்றவர்கள் எழுதியவை. பெரும்பாலானவை அவரைத் திட்டியவை. ஆனானப்பட்ட கணிதமேதை பால் ஏர்டிஷே கணினியில் ஓட்டிக் காட்டும்வரை ஒப்புக்கொள்ளவில்லை. சரியாகச் சொன்னவர் சவான்ட்தான். தபால்தலை ஒட்டிச் சண்டை போட்ட காலத்திலும் தொனி இப்படித்தான் இருந்திருக்கிறது.

அதற்கும் முன்னால் போனால் நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். லண்டனின் ஸ்ட்ராண்ட் மாத இதழ் அந்தக் காலத்தில் வீடு வீடாகப் படிக்கப்பட்டது. அதில் ஹென்றி டியூடெனி புதிர்ப் பக்கம் எழுதினார். 1914 டிசம்பர் இதழில் ஒரு புதிர்: தெருவின் ஒரு பக்கத்தில் 1, 2, 3 என்று வரிசையாக வீடுகள். ஒருவர் வீட்டுக்கு இந்தப் பக்கம் உள்ள எண்களின் கூட்டுத்தொகையும் அந்தப் பக்கம் உள்ளவற்றின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அவர் வீட்டு எண் என்ன? அப்போது கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் புள்ளியியல் அறிஞரான மகலனோபிஸ், அதைப் படித்துவிட்டு நண்பர் ராமானுஜனிடம் கேட்டார். ராமானுஜன் அடுப்பில் காய் கிளறிக்கொண்டிருந்தாராம். கிளறிக்கொண்டே ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னார். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன், ராமானுஜனைப் பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

விடை 204, தெருவில் 288 வீடுகள். மகலனோபிஸ் சில நிமிடங்களில் முயன்று பார்த்தே இதைக் கண்டுபிடித்திருந்தார். ராமானுஜன் கொடுத்தது இந்த ஒரு தெருவுக்கான விடை மட்டும் அல்ல. எட்டு வீடுள்ள தெருவில் 6-ம் எண் வீடு, 49 வீடுள்ள தெருவில் 35-ம் எண் வீடு என்று இந்தக் கணக்குக்கு உள்ள அத்தனை விடைகளையும் ஒரே கொடியில் காய்த்துத் தொங்கவிட்டுவிட்டார். பொழுதுபோக்கு இதழில் லட்சம் பேர் பார்த்த புதிர்தான் அதுவும். அந்த எட்டு வீட்டுத் தெருவை மட்டும் யாராவது சரிபார்க்க விரும்பினால்: ஒன்றிலிருந்து ஐந்து வரை 15, ஏழும் எட்டும் 15.

இதைச் சொல்வது ராமானுஜனைக் காட்டி மற்றவர்களை மட்டம் தட்டுவதற்காக அல்ல; விடையைவிட அதற்குப் போகும் வழி பெரிது என்பதற்காக. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் விடை தவறிப்போனாலும், செய்த வழி சரியாக இருந்தால் ‘ஸ்டெப் மார்க்’ உண்டு. எத்தனையோ பேரைக் கரையேற்றியது அந்த மார்க்தான். ஆனால் வகுப்பறையில் பதினொரு மாதமும், ‘விடை என்ன, சீக்கிரம் சொல்’ என்றுதான் கேட்கிறோம். கையைத் தூக்கி முதலில் சொன்ன பிள்ளைக்குக் கைதட்டல். தப்பாகச் சொன்ன பிள்ளைக்கு வகுப்பே சிரிக்கும். அந்தக் கைதட்டலையும் சிரிப்பையும் முப்பது, நாற்பது ஆண்டு கழித்து ஒரு கைபேசித் திரை திரும்பக் கொண்டுவந்து கொடுக்கிறது. ‘1’ என்று எழுதிய மாமாவை ‘16’ என்று எழுதிய மருமகன் மூன்று சிரிப்புப் பொம்மை போட்டுத் திருத்துவது கணிதத்தின் மேல் உள்ள காதலால் அல்ல. ஸ்டெப் மார்க் அறவே இல்லாத பரீட்சைக்கூடம் சமூக ஊடகம். விடையை மட்டும் எழுது, மற்றவனை வீழ்த்து, அடுத்த கேள்விக்குப் போ.

கணித ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளின் வீட்டுக் கைபேசியில் இந்தக் கணக்குகள் எப்படியும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ‘கண்டதையும் பார்க்காதே’ என்று சொல்வதைவிட, 8÷2(2+2) என்று கரும்பலகையில் எழுதி, ஓர் அடைப்புக்குறியை மட்டும் சேர்த்து ஒருமுறை 16-ம் ஒருமுறை 1-ம் வரவழைக்கச் சொல்லுங்கள். செல்போன் இலக்க வித்தையைச் செய்ய வைத்து, அடுத்த ஆண்டுக்கு எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். ஷெரில் புதிரின் மூன்று வாக்கியங்களை இரண்டு பிள்ளைகளை எழுப்பி நடிக்க வையுங்கள். விடையை முதலில் சொன்னவருக்குப் பரிசு வேண்டாம். எதிரணியின் விடை எப்படி வந்தது என்று சரியாக விளக்குகிறவருக்குக் கொடுங்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே ஒன்றும் இல்லை. ஒரு பாடவேளை ஒதுக்கினால் நடந்துவிடும்.